சிப் போட்டியில் கண்டுமுதல்தான் கணக்கு

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி: "எங்கள் வீட்டில் அரவை மில். நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். கணினி சிப் விற்கும் ஏஎம்டிக்குச் சொந்தத் தொழிற்சாலையே கிடையாது, தைவானில் கொடுத்துச் செய்து வாங்குகிறது. இன்டெல்லிடம் ஆலை, பணம், ஆள் எல்லாம் இருந்தது. அப்புறம் எப்படி இன்டெல் பின்தங்கியது? டிசைன் நன்றாக இருப்பவர்தானே ஜெயிக்க வேண்டும்?"

வீட்டில் மில் இருப்பவருக்கு இதில் பாதி விளக்கம் தேவையே இல்லை, தம்பி. ஒரே ஏடிடி 43 விதைதான். தலைமடையில் ஒருவருக்கு ஒரு மா நிலத்துக்குப் பன்னிரண்டு மூட்டை காண்கிறது, கடைமடையில் ஏழோடு நின்றுவிடுகிறது. உழவு, உரம், நடவுக்கூலி இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூட்டைக்கு அடக்கவிலை மட்டும் எங்கேயோ போய்விடும். சிப் தொழிலில் டிசைன் என்பது விதை. சந்தையில் யார் நிற்பது என்பதைப் பெரும்பாலும் கண்டுமுதல், அதாவது கடைசியில் கைக்கு வரும் விளைச்சல், தீர்மானிக்கிறது. அங்கே அதற்கு 'யீல்டு' என்று பெயர்: செய்த சிப்புகளில் நூற்றுக்கு எத்தனை வேலை செய்கின்றன என்பது.

சிப்பை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான சிலிக்கான் தகடு ஒன்றில் (வேஃபர் என்பார்கள்) நூற்றுக்கணக்கான சிப்புகள் ஒரேசமயத்தில் உருவாகும். கடைசியில் அறுத்துத் துண்டாக்குவார்கள். ஒரு துண்டுக்கு 'டை' என்று பெயர். தகட்டில் நல்ல டை ஐந்து தேறினாலும் ஐந்நூறு தேறினாலும், தகட்டைச் செய்து முடித்த செலவு மாறாது. போட்டியின் வேர் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். தகட்டின் பரப்பு சுமார் 70,700 சதுர மில்லிமீட்டர். டை 100 சதுர மில்லிமீட்டர் என்றால், வட்டத்தின் ஓரத்தில் அரைகுறையாக வெட்டுப்படுவதைக் கழித்துவிட்டு, ஏறத்தாழ 640 டை வரும். 600 சதுர மில்லிமீட்டர் என்றால் 90 தான். இனி, தகட்டில் அங்கங்கே குறைகள் விழும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை குறை என்பதைக் குறை அடர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். டையின் பரப்பைச் சதுர சென்டிமீட்டராக்கி (100 சதுர மில்லிமீட்டர் ஒன்று), குறை அடர்த்தியால் பெருக்கி, 2.718 என்ற எண்ணை அந்தத் தொகையின் எதிர் அடுக்குக்கு உயர்த்தினால் யீல்டு வந்துவிடும். நுணுக்கமான சூத்திரங்களும் உண்டு, மனக்கணக்குக்கு இது போதும்.

குறை அடர்த்தி 0.1 என்று வைப்போம். நன்றாக முதிர்ந்த ஆலையின் நிலை இது. சின்ன டையில் நூற்றுக்கு 90 தேறும்: தகட்டுக்கு 579. பெரிய டையில் 55 தேறும்: தகட்டுக்கு 49. குறை அடர்த்தி 0.5 ஆனால்? சின்ன டையில் 388 கிடைக்கும், லாபம் குறையும், கடை மூடாது. பெரிய டையில் 90-க்கு நாலோ ஐந்தோதான் மிஞ்சும். தகட்டின் செலவு 10,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அந்தப் பெரிய டை ஒன்றின் அடக்கம் 204 டாலரிலிருந்து 2,200 டாலருக்கு மேல் ஏறிவிடுகிறது. டிசைன் அதேதான், ஒரு டிரான்சிஸ்டர்கூட (சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்ச்) மாறவில்லை.

குறை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கிருந்துதான் வராது என்று கேட்க வேண்டும். இன்றைய உயர்தர சிப் ஒன்று ஆயிரம் படிகளுக்கு மேல் தாண்டி வருகிறது. தகடு ஆலைக்குள் நுழைந்து வெளியே வரச் சுமார் மூன்று மாதம், அதாவது ஒரு குறுவைக்காலம். ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 99.9 சரியாக நடந்தால் ஆயிரம் படி முடிவில் 37 சதவீதம்தான் மிஞ்சும். 99.99 சரியாக நடந்தால் 90. இரண்டு ஆலைகளுக்கு இடையிலான வித்தியாசம் இப்படிப் பதினாயிரத்தில் ஒன்பதாக ஒளிந்திருக்கும். விளம்பரத்தில் இது தெரியாது.

ஒரு படியை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். டிரான்சிஸ்டரையும் மேலிருக்கும் கம்பியையும் இணைக்க ஒரு துளை வேண்டும். தகட்டின்மேல் ஒளியுணர் பூச்சு ஒன்றைப் பூசி, துளை வேண்டிய இடத்தில் மட்டும் ஒளியை விழச் செய்து, அந்த இடத்தைக் கழுவி எடுத்து, அடியில் அரித்து, உலோகத்தை நிரப்பி, மேலே வழிந்ததை மெருகேற்றித் தேய்ப்பார்கள். பூச்சில் ஒரு தூசி இருந்தால் துளை மூடிக்கொள்ளும். முந்தைய அடுக்கோடு சில நானோமீட்டர் விலகினால் துளை பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும். அரிப்பு குறைந்தால் அடி எட்டாது, கூடினால் கீழ் அடுக்கும் போகும். அரித்து முடித்த தகடு அடுத்த இயந்திரத்துக்கு குறித்த நேரத்துக்குள் போகாவிட்டால் காற்றில் ஆக்சைடு படிந்து இணைப்பின் மின்தடை ஏறும். தேய்ப்பு அதிகமானால் கம்பி மெலிந்து, ஆலையில் சோதனை தேறி, வாங்கியவர் வீட்டில் இரண்டு வருடத்தில் செத்துப்போகும். எக்ஸ்ட்ரீம் அல்ட்ராவயலட் ஒளி (இயூவி) வந்த பிறகு ஒரு புதுத் தொல்லையும் சேர்ந்தது: 13.5 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒவ்வொரு ஒளித்துகளிலும் ஆற்றல் அதிகம், அதனால் ஒரு துளைக்கு விழும் துகள்களின் எண்ணிக்கை குறைவு. தற்செயலாக ஒரு துளைக்குப் போதிய துகள் விழாவிட்டால் அது திறக்கவே திறக்காது. இயந்திரத்தின் மேல் பழி போட முடியாது. துகளைக் கூட்ட ஒளியை அதிக நேரம் காட்டினால் மணிக்கு எத்தனை தகடு என்பது குறைந்துவிடும். நூற்றைம்பது மில்லியன் டாலருக்கு மேல் விலையுள்ள இயந்திரம் அது. யீல்டா வேகமா என்ற இழுபறி ஆலைக்குள் தினமும் நடக்கும்.

மூலப்பொருளிலும் வில்லங்கம் வரும். 2019 ஜனவரியில் டிஎஸ்எம்சிக்கு (பிறருக்குச் சிப் செய்துகொடுக்கும் தைவான் நிறுவனம்) ஒரு தொகுதி ஒளியுணர் பூச்சு கெட்டதாக வந்துசேர்ந்தது. தெரிவதற்குள் பல்லாயிரம் தகடுகள் வீண். அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 550 மில்லியன் டாலர் குறையும் என்று நிறுவனமே அறிவித்தது. உலகின் முதல் தர ஆலைக்கே இந்தக் கதி.

இப்போது இன்டெல்லுக்கு வருவோம். உற்பத்தி ஒழுங்குக்கே பேர்போன நிறுவனம் அது. ஓர் ஆலையில் யீல்டு கூடிய செய்முறையை அடுத்த ஆலைக்கு அப்படியே, குழாய் அமைப்பு வரை மாற்றாமல் நகலெடுப்பது அவர்கள் முறை. 'அச்சு அசல் நகல்' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். நம் ஊர் மில்காரர் தஞ்சாவூரில் சரியாக ஓடும் மில்லைத் திருத்துறைப்பூண்டியில் திறக்கும்போது பாய்லரின் பட்டறையையும் மாற்ற மாட்டேன் என்பது மாதிரி. பல ஆண்டுகள் போட்டியாளரைவிட ஒன்றரை, இரண்டு வருடம் முன்னே ஓடியது இதனால்தான்.

சறுக்கியது 10 நானோமீட்டரில் (ஒவ்வொரு தலைமுறைச் செய்முறைக்கும் இப்படி ஒரு நானோமீட்டர் பெயர் உண்டு). 2014-இல் 14 நானோமீட்டர் சிப் விற்பனைக்கு வந்தது, அடுத்தது 2016-இல் என்று திட்டம். பெருமளவில் வெளிவந்தது 2019-இல். காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பேராசை. ஒரு சதுர மில்லிமீட்டரில் இருக்கும் டிரான்சிஸ்டரை ஒரே தாவலில் 2.7 மடங்காக்கி, 10 கோடிக்குக் கொண்டுபோக நினைத்தார்கள். அதற்கு ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவுக்கு 36 நானோமீட்டர் இடைவெளி வேண்டியிருந்தது. அன்று கையில் இருந்த 193 நானோமீட்டர் ஒளி ஒரே தடவையில் 80-ஐ ஒட்டிய இடைவெளியைத்தான் வரையும். அதே இடத்தில் கோடுகளை ஒருமுறை இரட்டித்தால் இடைவெளி பாதியாகி 40 வரை வரலாம். 36 என்றால் கோடுகளை நான்கு மடங்காக்கும் முறைக்குப் போக வேண்டும், படிகள் பெருகும், ஒவ்வொரு படியிலும் விலகல் சேரும். அதே நேரத்தில் கீழ்க் கம்பிகளில் தாமிரத்துக்குப் பதில் கோபால்ட், டிரான்சிஸ்டரின் தலைமேலேயே இணைப்புத் துளை என்று இன்னும் இரண்டு புதுமைகள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கோளாறு எதனால் என்று பிரித்துப் பார்க்கவே மாதக்கணக்காகும்.

டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டரும் முதலில் அதே பழைய ஒளியில்தான் வந்தது. அவர்கள் 40-இல் நிறுத்திக்கொண்டார்கள், இரட்டிப்பே போதுமானதாக இருந்தது. காகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். (நானோமீட்டர் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது இன்று வெறும் வியாபாரப் பெயர்.) நாலு நானோமீட்டர் விட்டுக்கொடுத்தவருக்குக் கண்டுமுதல் வந்தது, பிடிவாதம் பிடித்தவருக்கு வரவில்லை. 2018-இல் இன்டெல் 10 நானோமீட்டரில் ஒரு மடிக்கணினி சிப்பை வெளியிட்டது. இரண்டே கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் மூளை), உள்ளே இருந்த கிராஃபிக்ஸ் பகுதி அணைக்கப்பட்டிருந்தது. விவரம் தெரிந்தவர்களுக்கு யீல்டு எப்படி இருக்கிறது என்று அந்த ஒரு சிப்பே சொல்லிவிட்டது. மேசைக்கணினிக்கு 2021 வரை 14 நானோமீட்டரையே மெருகேற்றி ஓட்டினார்கள்.

ஏஎம்டி தப்பித்த விதம் வேடிக்கையானது. 'ஆம்பளை என்றால் சொந்த ஆலை வேண்டும்' என்ற பொருளில் அதன் நிறுவனர் ஜெர்ரி சாண்டர்ஸ் சொன்னது இந்தத் தொழிலில் பிரசித்தம். காசில்லாமல் 2009-இல் அந்த ஆலைகளைப் பிரித்து குளோபல்ஃபவுண்டரீஸ் என்று தனி நிறுவனமாக்கினார்கள். அந்த நிறுவனமும் 2018 ஆகஸ்டில் 7 நானோமீட்டரைக் கைவிட்டது. ஏஎம்டிக்கு டிஎஸ்எம்சியிடம் போவதைத் தவிர வழியில்லை, போனது நல்லதாயிற்று.

ஆனால் ஆலை மாறியது மட்டும் காரணமில்லை. தஞ்சாவூரில் வீணை செய்பவர்களிடம் இரண்டு வகை உண்டு. ஒரே பலாமரத்தில் குடைவது ஏகாந்த வீணை, குடம், தண்டி, யாளிமுகம் என்று தனித்தனியாகச் செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்கு நாதத்தில் மதிப்பு அதிகம். ஆனால் குடையும்போது தண்டியில் ஒரு வெடிப்பு கண்டால் மொத்த மரமும் போச்சு. ஒட்டு வீணையில் அந்தத் தண்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடலாம். ஏஎம்டி 2017-இல் சர்வர் சிப்பை ஒட்டு வீணையாகச் செய்தது. 32 கோரையும் ஒரே டையில் வைத்திருந்தால் 777 சதுர மில்லிமீட்டர் ஆகியிருக்கும். அதற்குப் பதில் 213 சதுர மில்லிமீட்டரில் நாலு டை, மொத்தம் 852. பரப்பு பத்து சதவீதம் கூடியும், செலவு ஒரே டையில் ஆவதில் 59 சதவீதம்தான் என்று அவர்களே கணக்குக் காட்டினார்கள். 2019-இல் இன்னும் நறுக்கினார்கள்: எட்டு கோர் உள்ள 74 சதுர மில்லிமீட்டர் டை மட்டும் டிஎஸ்எம்சியின் புது 7 நானோமீட்டரில், வெளித்தொடர்பைப் பார்க்கும் டை பழைய, மலிவான ஆலையில். வெளித்தொடர்பு மின்சுற்று சின்னதாவதால் பெரிய லாபமில்லை, அதற்கு விலையுயர்ந்த தகட்டில் இடம் கொடுப்பானேன்?

ஒட்டுக்கு விலையும் உண்டு. டைகளுக்கு இடையே செய்தி போய்வர நேரமும் மின்சாரமும் கூடும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு டையையும் முழுசாகச் சோதிக்க வேண்டும், ஒரு சொத்தையைச் சேர்த்துவிட்டால் கூட இருக்கும் நல்லதெல்லாம் சேர்ந்து வீண். பத்து டை சேர்த்து ஒவ்வொரு ஒட்டும் 99 சதவீதம் சரி என்றால் கட்டு முழுசாகத் தேறுவது 90 தான். ஏஐ சிப்புகளுக்கு 2023-இல் பெரிய தட்டுப்பாடு வந்தபோது இறுக்கமாக இருந்த இடங்களில் இந்தக் கட்டும் வேலையும் ஒன்று.

மில்லில் நொய்யைக் கொட்டிவிடுவீர்களா? அதற்கும் ஒரு விலை உண்டு. இங்கேயும் அதே. எட்டு கோரில் ஒன்றிரண்டு பழுதானால் இரண்டை அணைத்துவிட்டு ஆறு கோர் சிப்பாகக் குறைந்த விலைக்கு விற்பார்கள். ஏஎம்டியின் ரைசன் 5 3600 அப்படித்தான் வந்தது. 2008-இல் ஏஎம்டி விற்ற மூன்று கோர் சிப், நாலில் ஒன்று அணைந்தது. பிளேஸ்டேஷன் 3-இன் சிப்பில் எட்டுத் துணைக் கோர்கள் இருந்தும் ஏழுதான் பயன்பாட்டில், எட்டாவது யீல்டுக்காக முன்கூட்டியே விட்டுக்கொடுத்தது. என்விடியாவின் எச்100 என்ற ஏஐ சிப்பின் டை 814 சதுர மில்லிமீட்டர். குறை அடர்த்தி 0.1 என்றாலும் முழுக் குறையில்லாமல் வருவது பாதிக்கும் குறைவு. ஆகவே 144 பிரிவுகள் வடிவமைத்து, சர்வர் பலகையில் 132-ஐ மட்டும் விற்கிறார்கள். பன்னிரண்டு பிரிவு வரை பழுது தாங்கும். எங்கே எவ்வளவு பழுது தாங்கலாம் என்று வரைபடத்திலேயே எழுதிவைப்பவரைத்தான் நான் நல்ல டிசைனர் என்பேன். சார்டெக்ஸ் இயந்திரம் கறுப்பு அரிசியைத் தள்ளுவது போல, ஓடும் வேகத்தையும் மின்கசிவையும் பார்த்துத் தரம் பிரிப்பது தனி வேலை. ஒரே தகட்டின் நடுவிலிருந்து வந்தது விலையுயர்ந்த மாடலாகவும் ஓரத்திலிருந்து வந்தது மலிவு மாடலாகவும் கடையில் நிற்கும்.

இனி, கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்ட முக்கியமான ஒன்று: பிறருக்குச் செய்துகொடுக்கும் ஆலை எப்படி முந்தியது? யீல்டு என்பது ஓட்டி ஓட்டிக் கற்பது. ஒவ்வொரு தகடும் எங்கே எந்தக் குறை விழுந்தது என்று ஒரு வரைபடம் தருகிறது. அதிகத் தகடு ஓட்டுபவர் சீக்கிரம் கற்கிறார். டிஎஸ்எம்சிக்குப் பல ஆண்டுகளாகப் புது முறையின் பெரிய முதல் வாடிக்கையாளர் ஆப்பிள். போன் சிப் 100 சதுர மில்லிமீட்டரை ஒட்டியது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: குறை அடர்த்தி 0.5 இருக்கும் ஆரம்ப மாதங்களிலும் சின்ன டையில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் தேறும். போன் விற்ற காசில் குறையைத் துடைத்து, 0.1-ஐ ஒட்டி வந்ததும் பெரிய டைக்காரர்கள் அதே வரிசையில் வந்து நிற்கிறார்கள். நாற்றங்காலில் வேர்பிடித்ததைப் பிடுங்கி நடுவது போல. இன்டெல் பெரும்பாலும் தன் சிப்பை மட்டுமே ஓட்டியது, கற்றுக்கொள்ள அந்த அளவு தகடு அதற்கு இல்லை. 2024-இல் வந்த லூனார் லேக், ஏரோ லேக் சிப்புகளின் முக்கிய டையை இன்டெல்லே டிஎஸ்எம்சியிடம் கொடுத்துச் செய்து வாங்கியது. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பச்சையான பதில் கிடையாது.

ஆலை காலியாக நிற்பதும் யீல்டு குறைவது மாதிரிதான் வலிக்கும். பேச்சுக்கு, 10 பில்லியன் டாலர் இயந்திரம், ஐந்து வருடத் தேய்மானம் என்று வையுங்கள், ஆண்டுக்கு 2 பில்லியன். மாதம் 20,000 தகடு ஓடினால் ஒரு தகட்டின் தலையில் 8,300 டாலர் தேய்மானம் ஏறும். பாதிதான் ஓடினால் 16,600. அதனால்தான் நினைவகச் சிப்பில் விலை விழும்போது யாரும் உற்பத்தியை லேசில் குறைப்பதில்லை, அடுத்தவர் விழட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கிமோண்டா 2009-இல் விழுந்தது, ஜப்பானின் எல்பிடா 2012-இல். அதே ஜப்பானியர்கள்தான் 1980-களில் மேலான யீல்டாலும் தரத்தாலும் அமெரிக்கர்களை நினைவகத்திலிருந்து விரட்டியவர்கள். 1985-இல் இன்டெல் அந்தத் தொழிலை விட்டு வெளியேறியது அவர்களிடம் தாங்க முடியாமல்தான்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை, நாம் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவே தகட்டை அதிசுத்த நீரில் கழுவ வேண்டும், ஆலை ஒருநாள் நின்றாலும் நடுவழியில் இருக்கும் தகடுகள் கெடும். 2021 வறட்சியில் தைவான் அரசு ஏறத்தாழ 74,000 ஹெக்டேர் வயலுக்குப் பாசனத்தை நிறுத்தி, இழப்பீடு கொடுத்து, தண்ணீரை ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் விட்டது. அங்கேயும் வயலில் இருந்தது நெல்தான்.

சாம்சங் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2015-இல் ஆப்பிளின் ஏ9 சிப்பை சாம்சங், டிஎஸ்எம்சி இருவருமே செய்தார்கள், அடுத்த வருடம் டிஎஸ்எம்சி மட்டும். குவால்காம் 2022-இல் ஸ்னாப்டிராகன் 8 வரிசையின் ஒரே தலைமுறையின் நடுவிலேயே சாம்சங்கிலிருந்து டிஎஸ்எம்சிக்கு மாறியது. தகட்டுக்கு விலை குறைத்துத் தருவதால் வாடிக்கையாளர் நிற்பதில்லை. பொதுவாகத் தகட்டுக்குத்தான் காசு, அதில் எத்தனை தேறியது என்பது வாங்குபவர் தலைவிதி. கூலி குறைத்துக் கேட்கும் மில் நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோவுக்குப் பதில் 60 கிலோ புழுங்கலரிசி கொடுத்தால் யார் போவார்கள்?

கடைசியாக, செய்தியில் 'யீல்டு 60 சதவீதம்' என்று படித்தால் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எந்த டை, எத்தனை சதுர மில்லிமீட்டர், ஒன்றிரண்டு கோர் அணைத்து விற்பதையும் சேர்த்த கணக்கா என்று பாருங்கள். 100 சதுர மில்லிமீட்டர் டையில் 60 என்றால் குறை அடர்த்தி 0.51, அந்த ஆலையில் பெரிய சிப் எதையும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 600 சதுர மில்லிமீட்டரில் அதே 60 என்றால் 0.085. அங்கே இடம் கிடைக்க வாடிக்கையாளர்கள் முன்பணத்தோடு நிற்பார்கள்.